முன்கதை மட்டும் பிழைத்த கதை
அத்தியாயம் 6: தகப்பனைத் தேடிய மகன்

இதுவரை: பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் வேள்விக்குடிச் செப்பேட்டில் தன் முன்னோர் புகழைப் பொறித்து வைத்தான். அதில் அவனுடைய பாட்டனும் இருக்கிறான். கோச்சடையன் ரணதீரன் என்ற அந்தப் பாட்டனைக் கல்வெட்டு படிப்பவர்களைத் தவிர ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக யாரும் தேடவில்லை. அவன் பெயர் சினிமா போஸ்டருக்கு வந்த நாளில் போன வாரம் நிறுத்தினோம்.

2011 ஏப்ரல் 29. சென்னை ஏவி.எம். ஸ்டுடியோவில் ‘ராணா’ படத்துக்குப் பூஜை. நாயகன் ரஜினிகாந்த், நாயகி தீபிகா படுகோன், இயக்கம் கே.எஸ். ரவிகுமார், இசை ஏ.ஆர். ரகுமான். ‘முத்து’வும் ‘படையப்பா’வும் தந்த கூட்டணி சரித்திரப் படம் எடுக்கிறது என்றால் கேட்க வேண்டுமா? பூஜை முடிந்து படப்பிடிப்பும் தொடங்கிவிட்டது.

அன்றைக்கே கதாநாயகன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

முதலில் சாதாரண உடல்நலக் குறைவு என்றார்கள். அனுப்பினார்கள், திரும்பச் சேர்த்தார்கள். மே மாதக் கடைசியில் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டில் கோயில் கோயிலாக ரசிகர்கள் வேண்டுதல் வைத்தார்கள். ஜூலை 13 அன்று அவர் சென்னையில் வந்து இறங்கியபோதுதான் பலருக்கு மூச்சு வந்தது.

ஆள் வந்துவிட்டார். ஆனால் படம்? வாள் சுழற்றுவதும் குதிரையேறுவதுமான கதை. கவசம் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டும். சிகிச்சை முடிந்து வந்த அறுபது வயதுக்காரரை அந்தப் புழுதியில் இறக்க யாருக்கு மனம் வரும்? ‘ராணா’ நின்றுபோனது. அதற்குப் பிறகு அது எழவேயில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. ரஜினிகாந்தின் இளைய மகள் சௌந்தர்யா இயக்கப்போகிறார், கதை வசனம் ரவிகுமார், படத்தின் பெயர் ‘கோச்சடையான்’. ‘ராணா’வில் வரவேண்டிய கதைக்கு முந்தைய கதை இது. பின்கதை அலமாரியில் தூங்க, முன்கதை முதலில் புறப்பட்டது. அதுவும் அனிமேஷனாக.

சௌந்தர்யாவுக்கு அனிமேஷன் புதிதல்ல. அப்பாவை வைத்து ‘சுல்தான் தி வாரியர்’ என்றொரு அனிமேஷன் படத்தைத் தொடங்கி, அது முடியாமல் கிடந்த வலி அவருக்கு இருந்தது. தமிழுக்கும் அனிமேஷன் புதிதல்ல. 1989இல் ‘ராஜா சின்ன ரோஜா’ பாட்டில் இதே ரஜினி கார்ட்டூன் விலங்குகளோடு ஆடியிருக்கிறார். 2007இல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’ முழுநீள அனிமேஷனாக வந்தது. ஆனால் இப்போது இவர்கள் எடுக்கத் துணிந்தது வேறு. நடிகரின் அசைவை அப்படியே பிடித்துக் கணினி உடம்புக்கு ஏற்றும் மோஷன் கேப்சர். முழுப்படத்தையும் இந்த முறையில் எடுப்பதாகத் திட்டம். 2009இல் வந்த ‘அவதார்’ எல்லோருக்கும் ஆசை காட்டியிருந்தது. அதன் பணமும் காலமும் இங்கே யாரிடமும் இல்லை.

அந்த வேலைக்குள் போகுமுன் பெயரில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து நம் ஊர்க்காரர்கள் நிற்க வேண்டிய இடம் இது.

வரலாற்றில் கோச்சடையனும் ரணதீரனும் ஒரே ஆள். அரிகேசரி மாறவர்மனின் மகன், எட்டாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் மதுரையில் அரியணையில் இருந்தவன். படம் அந்த ஒருவனை இரண்டாக வகுத்துக்கொண்டது. கோச்சடையான் தகப்பன், ராணா என்கிற ரணதீரன் மகன். ‘ராணா’வுக்கு முன்கதை வேண்டுமென்றால் ராணாவுக்கு ஒரு தகப்பன் வேண்டும். அந்தத் தகப்பன் மகனின் பெயருக்குள்ளேயே ஒளிந்திருந்தான். திரைக்கதைக்காரனின் கெட்டிக்காரத்தனம் என்றே இதைச் சொல்வேன். மற்றபடி படத்துக்கும் மன்னனுக்கும் உறவில்லை. படத்தில் கோட்டைப்பட்டினமும் கலிங்கபுரியும் மோதிக்கொள்கின்றன. செப்பேட்டில் அப்படி எந்த மோதலும் இல்லை.

மன்னனுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உறவு உண்டா? இருக்கலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டார். மு. இராகவையங்கார். திருப்பாவையில் வெள்ளிக்கோள் எழுந்ததும் வியாழன் மறைந்ததும் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. அந்த வானநிலை எந்த ஆண்டுக்குப் பொருந்தும் என்று தேடி, கி.பி. 731 என்று அவர் முடிவு சொன்னார். அந்தக் கணக்கை ஒப்பினால், நந்தவனத்தில் ஆண்டாள் வளர்ந்த காலமும் கோச்சடையன் ஆண்ட காலமும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்கின்றன. பெரியாழ்வார் தம் பாசுரத்தில் நெடுமாறன் என்ற பாண்டியனைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். ஆழ்வார் மதுரைக்குப் போய்ப் பொற்கிழி அறுத்த கதையை ஊரில் குழந்தைகூடச் சொல்லும். அவரை ஒன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளும் அறிஞர்களும் உண்டு. எனக்கு இராகவையங்கார் பக்கம்தான் மனம் சாய்கிறது. வானத்தைச் சாட்சிக்கு அழைத்த ஆய்வு அது.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் 192 அடி வடபத்ரசாயி கோபுரம் கோச்சடையன் கண்ணில் படவில்லை. பதினொரு நிலைக் கோபுரம் கட்டும் வழக்கமே அவன் காலத்தில் இல்லை. ராஜபாளையமும் இல்லை. ஊரை நிறுவிய ராஜுக்கள் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. பாண்டியர் கலையை அந்தக் காலத்து முகத்தோடு பார்க்க ஆசைப்படுபவர்கள் ராஜபாளையத்திலிருந்து கழுகுமலைக்குப் போக வேண்டும். மலையை மேலிருந்து குடைந்து இறங்கி, ஒரே பாறையில் செதுக்கிய வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. கீழ்ப்பகுதி முடியவில்லை. பூதகணங்கள் சிரிக்கும் சிரிப்பில் உளி இன்னும் தெரியும். படத்தின் மாளிகைகளில் இந்தப் பாறையின் வாசனை எனக்குக் கிடைக்கவில்லை. எந்த நாட்டு அரண்மனையாகவும் இருக்கக்கூடிய தூண்கள், எந்த நாட்டுச் சபையாகவும் இருக்கக்கூடிய பளபளப்பு. பாண்டியன் பெயரை எடுத்தவர்கள் பாண்டியன் கல்லையும் எடுத்திருக்கலாம். இந்த ஆதங்கம் எனக்குப் போகாது.

இப்போது 2012 மார்ச். லண்டனுக்கு அருகில் பைன்வுட் ஸ்டுடியோ.

தளத்தில் அரண்மனை இல்லை. திரைச்சீலை இல்லை, சிம்மாசனம் இல்லை. வெறும் தரை. சுற்றிலும் உயரத்தில் கேமராக்கள். சென்ட்ராய்டு என்ற மோஷன் கேப்சர் நிறுவனம் வேலையை ஏற்றிருந்தது. நடிகர் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் வந்து நிற்கிறார். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு சின்னச் சின்ன உருண்டைகள். அவற்றை மார்க்கர் என்பார்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் பூச்சு அவற்றின் மேல் உண்டு. ஒவ்வொரு கேமராவைச் சுற்றியும் அகச்சிவப்பு விளக்கு. கேமராவின் கண்ணுக்கு ரஜினி தெரிய மாட்டார், உருண்டைகள் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஒரே புள்ளியை வேறு வேறு கோணத்திலிருந்து இரண்டு மூன்று கேமராக்களாவது பார்த்தால், அது தளத்தில் எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணினி கணக்கிட்டுவிடும். நொடிக்குப் பல பத்து முறை இந்தக் கணக்கு ஓடும்.

நடிகர் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோனால் மார்பிலுள்ள புள்ளி மறைந்துவிடும். இருவர் கட்டிப் பிடித்தால் யார் புள்ளி யாருடையது என்று குழம்பும். அப்படி விட்டுப்போன நொடிகளை யாரோ ஒரு அனிமேஷன் கலைஞர் இரவெல்லாம் உட்கார்ந்து கையால் நிரப்ப வேண்டும். தரையில் கால் வழுக்குவதுபோலத் தெரிந்தால் அதையும் அவரே திருத்த வேண்டும். துணியின் அசைவு தனி வேலை, தலைமுடி தனி வேலை. ரஜினி தலைமுடியைக் கோதும் அந்த ஒரு கணத்துக்காகத் தியேட்டரில் விசில் பறக்கும். அந்த ஒரு கணம் கணினியில் ஆயிரமாயிரம் இழைகளின் வழக்கு. இந்தக் கலைஞர்களின் பெயர்கள் படத்தின் கடைசியில் வேகமாக ஓடி மறைந்தன. விளக்குப் போட்டதும் எழுந்து போய்விட்ட நம் கூட்டம் அவர்களை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் ஒருவர் கை அசைய, முன்னால் ராமன் அசைவான். இங்கே ராமனாக அசைபவரே நட்சத்திரம், அவர் முகம்தான் எங்கும் இல்லை. முகத்தைப் பிறகு செய்ய வேண்டும். பெரிய கண்டம் அங்கேதான் காத்திருந்தது. உடம்பு பொம்மையாக இருந்தால் மன்னிப்போம். முகம் மனிதனுக்கு மிக அருகில் வந்து, அரை அங்குலம் குறைந்தால் மனம் திடுக்கிடும். ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே இந்த ஆபத்தைச் சொல்லிவிட்டார். தமிழ்நாடு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய முகத்தை அந்த அரை அங்குலத்துக்குள் கொண்டுவருவது எத்தனை பெரிய துணிச்சல்!

லண்டனுக்குப் பிறகு திருவனந்தபுரம். அக்செல் அனிமேஷன் ஸ்டுடியோவில் அடுத்த கட்ட மோஷன் கேப்சர். செப்பேட்டைப் படித்தவர்கள் இங்கே சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். கோச்சடையன் வென்றதாகச் சொல்லப்படும் போர்களில் ஒன்று மருதூர்ப் போர், எதிரி ஆய்வேள். பொதிகை மலையை ஒட்டித் திருவனந்தபுரம் பகுதி வரை பரவியிருந்தது ஆய் நாடு. மருதூரை அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள திருப்புடைமருதூர் என்று வரலாற்றறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ராஜபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தப் பழைய எல்லையைத்தான் கடக்கிறார்கள். படைநடத்திப் போன மன்னனின் பெயர் தாங்கியவர், அதே ஆய் மண்ணில், வாளுக்குப் பதில் உருண்டை ஒட்டிய தடியைச் சுழற்றினார்.

சரத்குமார், நாசர், ஷோபனா, ஆதி, ஜாக்கி ஷெராஃப் என்று நடிகர் பட்டியல் நீண்டது. ஒவ்வொருவரின் அசைவும் கணினிக்குள் சேர்ந்தது. ரவிகுமார் எழுதிய திரைக்கதையில் இன்னும் ஒரு பாத்திரம் மீதி இருந்தது. நகைச்சுவைப் பாத்திரம். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நடிகர் ரவிகுமாருக்கு நன்றாகத் தெரிந்தவர், அவருடைய ‘தசாவதார’த்தில் நடித்தவர், ரஜினியோடு எத்தனையோ படங்களில் நின்றவர். தமிழ்நாட்டில் அவர் முகம் தெரியாத வீடு இல்லை.

அவரைத் தளத்துக்கு அழைக்க வழியில்லை. அளவெடுத்து உடை தைக்க உடம்பில்லை. 2009 ஜனவரி 31ஆம் தேதியே நாகேஷ் காலமாகிவிட்டார்.

ஆனாலும் ‘கோச்சடையா’னில் நாகேஷ் நடிக்கிறார் என்றார்கள்.

(தொடரும்)