புலிச்சுறாவும் கடல்கட்டியும்

தூத்துக்குடி பக்கம் பசங்க போட்டுத் திரியற டீ-சர்ட் ஒண்ணுல சுறா படம், கூடவே 222. புதுத் துணியையே வெளுத்த மாதிரி பண்ணி ‘விண்டேஜ்’னு விக்கிறாங்க. (நாம வெளுத்த சட்டை போட்டா அதுக்குப் பேரு வேற.)

222 என்பது விமானப்படையின் ‘டைகர்ஷார்க்ஸ்’, அதாவது புலிச்சுறா அணி. 1969-ல் சுகோய்-7 விமானங்களோடு தொடங்கியது. பிறகு மிக்-27. கொஞ்ச காலம் இல்லாமல் கிடந்து, 2020 ஜனவரி 20-ல் தஞ்சாவூரில் சுகோய்-30-ஓடு திரும்ப வந்தது. இரண்டரை டன் பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கிற விமானம். தெற்குக் கடல் முழுக்க அதன் காவல். நம்ம மன்னார் வளைகுடாவும் அதில் சேர்த்தி.

இந்தக் கடலுக்கு முன்னே வேற காவல் இருந்தது. முத்துச் சிலாபம் நடக்கும்போது மந்திரம் சொல்லி சுறாவின் வாயைக் கட்டுறவர். அவருக்குப் பேரே ‘கடல்கட்டி’. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இதை எழுதியிருக்கார். பகலில் கட்டு, ராத்திரி அவிழ்ப்பு. அப்பதான் இருட்டில் எவனும் திருட்டுத்தனமா குளிக்க மாட்டான்! கூலி, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. மந்திரத்தை நம்பாத வெள்ளைக்கார அரசாங்கமும் கடல்கட்டியை வெச்சிருந்தது. அவர் இல்லாம ஆட்கள் இறங்க மாட்டாங்களே.

கடைசிச் சிலாபம் 1961-ல். அதோட கடல்கட்டிக்கும் வேலை போச்சு. சங்குகுளிக்க இன்னும் ஆட்கள் இறங்கத்தான் செய்றாங்க. அவங்க மூச்சுக்குக் காவல், படகிலிருந்து வர்ற கம்ப்ரசர் குழாய் ஒண்ணுதான்.