கர்னல் ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (15 ஜனவரி 1841 – 9 மார்ச் 1911) முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பிரித்தானியப் படைப் பொறியாளர். மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரின் ஒரு பகுதியை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பியவர். தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், குலசாமிக்கு நிகராக மதிக்கப்படுகிறார்.

இளமையும் படைப்பணியும்

பூனாவில் படைவீரர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் சீக்கியப் போரின்போது, 1849 ஜனவரியில் நடந்த சிலியன்வாலா சண்டையில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டனர். அப்போது இவருக்கு எட்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும் அடிஸ்கோம் படைக் கல்லூரியிலும் பயின்று, 1860இல் சென்னை மாகாணப் பொறியாளர் படையில் பணியாற்ற இந்தியா வந்தார். 1868 அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றார். கிரிக்கெட்டில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்.

பெரியாற்றுத் திட்டம்

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் பழையது. ராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை ஆராய்ந்தார். 1808இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று அறிக்கை தந்தார். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. புதிய வரைபடமும் மதிப்பீடும் தயாரிக்கும் பொறுப்பு 1882இல் பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் 8,000 ஏக்கர் நிலத்தை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது.

காட்டில் கட்டுமானம்

1887இல் வேலை தொடங்கியது. மனித நடமாட்டம் அரிதான அடர்காடு. மழைக்காலங்களில் வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளைத் திரும்பத் திரும்ப அடித்துச் சென்றது. மலேரியாவும் பிற நோய்களும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைப் பலிகொண்டன. அவர்களில் பலரின் கல்லறைகள் அணைக்கு அருகிலேயே உள்ளன. கூடலூர் அருகேயுள்ள குருவனூத்துப் பகுதியின் சுண்ணாம்புக்கல் கம்பிவட வழியாக மலையேறிப் போனது. அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளும் சேர்ந்த சுர்க்கிக் கலவை; முகப்புகள் கருங்கல் கட்டு. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

தேக்கடிச் சுரங்கத்திலிருந்து இறங்கும் நீர் வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையைச் சேர்கிறது. வழியில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்கிறது. மதுரை, மேலூர்ப் பாசனமும் இதைச் சார்ந்தே நிற்கிறது.

பிற்காலம்

இந்தியாவை விட்டுச் சென்றபின் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத் தடுப்பு குறித்து ஆலோசனை வழங்கினார். எழுபதாம் வயதில் கேம்பர்லியில் காலமானார். ஃபிரிம்லி தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவு

பணம் போதாமல் வேலை நின்றபோது இங்கிலாந்துக்குப் போய்க் குடும்பச் சொத்தை விற்று வந்து அணையை முடித்தார் என்பது பள்ளத்தாக்கில் சொல்லப்படும் கதை. எழுத்துச் சான்று இல்லாத வாய்மொழிச் செய்தி இது. திட்டத்துக்குச் செலவிட்டது சென்னை மாகாண அரசு. ஆனால் கதை குறையாமல் நிலைத்திருப்பது, வயலுக்கு வந்த தண்ணீரை மக்கள் எவ்வளவு பெரிய கடனாகக் கருதுகிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

இப்பகுதியில் பல வீடுகளிலும் கடைகளிலும் இவர் படம் மாட்டப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்கு இவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. பிறந்த நாள் தைப்பொங்கலையொட்டி வருவதால், பாலார்பட்டி ஊரார் அன்று இவருக்கெனப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் புதிய பேருந்து நிலையத்துக்கும் இவர் பெயரே. தமிழ்நாடு அரசு நிறுவிய இவரது சிலை 2022 செப்டம்பரில் கேம்பர்லியில் திறக்கப்பட்டது.