நின்றுபோன கமராவும் நிலைத்து நிற்கும் படமும்

கையளவான டிஜிற்றல் கமரா ஒன்று நேற்றுவரை நன்கு இயங்கியது. இன்று திடீரெனக் கண்மூடிவிடுகின்றது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை. அல்லது வில்லையைத் தாங்கும் குழல் பாதி நீண்டு நின்றுவிடுகின்றது. அல்லது திரை முழுவதும் கருமை படர்கின்றது. சிறு பொருளின் சிறு கோளாறென்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும், வன்னியின் அண்மைக்கால வரலாற்றோடு வைத்து நோக்குமிடத்து, இக்கோளாறு பெரியதொரு வினாவை எழுப்புகின்றது. கருவி நின்றுவிட்டால் அதனுள் இருக்கும் படங்களின் கதி யாது என்பதே அவ்வினா.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் பகுதிகளைத் தன்னகத்தே கொண்ட வன்னிப் பெருநிலத்தில், பழுதுபார்த்தல் என்பது ஒரு தொழிலாக மட்டும் இருந்ததில்லை. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வட பகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து ஆகியவற்றுடன் பற்றரிகளும் அடங்கியிருந்தன. அக்காலத்தில் வட பகுதி மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சிறிதளவு பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டினர். வலுவிழந்த பற்றரிக்குள் உப்புநீர் விட்டு, மேலும் சிறிது நேரம் உழைக்க வைத்தனர். புதியது கிடையாத இடத்தில் பழையதன் ஆயுளை நீட்டுவதே வழியாயிற்று.

2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டிலேயே கண்டி வீதி எனப்படும் ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. பொருள்களுக்கான தடைகளும் பெரும்பாலும் தளர்ந்தன. பல்லாண்டுகள் பிரிந்திருந்த உறவினர் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊர் காண வந்தனர். அவர்களோடு வந்த புதுமைகளுள் பிலிம் சுருள் வேண்டாத கமராவும் ஒன்று.

இக்கருவியின் பிறப்பு நெடுந்தொலைவில் நிகழ்ந்தது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் என்னும் இருவர், சீ.சீ.டி. எனப்படும் சிலிக்கன் சில்லுக்கு வழிகண்டனர். ஒளியை மின்னேற்றமாக மாற்றி வரிசையாக வெளியே அனுப்பும் இச்சில்லுக்காக 2009ஆம் ஆண்டில் அவர்கள் பௌதிக நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். 1975ஆம் ஆண்டில் கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லொன்றைக் கொண்டு முதலாவது டிஜிற்றல் கமராவை அமைத்தார். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள அக்கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடிகள் எடுத்தது.

கைக்கடக்கமாகச் சுருங்கிய பின்னர் இக்கருவிக்கு எதிர்பாராத பகை ஒன்று தோன்றிற்று. 2005ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், யப்பானின் சோனி நிறுவனம் தான் உற்பத்தி செய்த சீ.சீ.டி. சில்லுகள் சிலவற்றிற் குறை இருப்பதை அறிவித்தது. வெப்பமும் ஈரப்பதனும் மிக்க சூழலில், சில்லின் உறைக்குள் உள்ள மெல்லிய இணைப்புக் கம்பிகள் விடுபடலாம் என்பதே அக்குறை. அச்சில்லுகளை வாங்கிப் பயன்படுத்திய கனன், நிக்கொன், பூஜி முதலிய நிறுவனங்களும் இது குறித்து அறிவித்தல் விடுத்தன. படம் கோணலாகிச் சிதையும். அல்லது கமரா முற்றாகக் குருடாகும். உத்தரவாதக் காலம் கடந்த கருவிகளும் இலவசமாகத் திருத்தப்பட்டன. கோடையில் வெயிலும் மார்கழியில் மழையும் மாறிமாறி வரும் வன்னி போன்ற நிலத்திற்கு இச்செய்தி அயலான செய்தியன்று.

எனினும், நின்றுபோன கமரா யாவும் சில்லுப் பழுதினால் நிற்பதில்லை. முதலில் ஐயுற வேண்டியது பற்றரியையே. அதன் முனைகளிற் பச்சையாகவோ வெண்மையாகவோ படியும் களிம்பு மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தாலே உயிர் பெறும் கருவிகள் பல. பற்றரி மூடி இறுகப் பூட்டாவிடினும் கமரா இயங்காது. சோளகக் காற்று வாரிவரும் புழுதியில் ஒரு மணல் போதும். குழலை நகர்த்தும் சிறு பற்சக்கரம் சிக்கிக்கொள்ளும். இவற்றிற்கு அப்பால் உட்புறத்தைத் திறப்பது பழகிய கையின் வேலை. பற்றரியைக் கழற்றிய பின்னும், மின்வெட்டு விளக்குக்கான கொள்ளளவியில் ஏறத்தாழ 300 வோல்ற்று அழுத்தம் தங்கியிருக்கும். அறியாது தொடுபவரை அது தாக்கிவிடும்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். பிலிம் கமராவின் முதுகு தவறித் திறந்தால் ஒளி பட்டுப் படம் அழியும். டிஜிற்றல் கமராவிலோ, எடுத்த படம் பெரும்பாலும் மெமரி கார்ட் என வழங்கும் சிறு அட்டையிலே தங்குகின்றது. தொஷிபா நிறுவனத்தின் பூஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய முறையின்படி, அவ்வட்டையின் நுண்ணறைகளில் இலத்திரன்கள் காப்புப் படலத்தால் அடைபட்டிருக்கின்றன. மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறுவதில்லை. ஆதலாற் கமரா இறந்தாலும் படம் இறப்பதில்லை. கடல்நீரில் வீழ்ந்த கருவியை இயக்கிப் பார்ப்பதே பெருந்தவறு. உடனே பற்றரியையும் அட்டையையும் எடுத்துவிட வேண்டும். அட்டையை நன்னீரிற் கழுவி நன்கு உலர்த்தினால், வேறொரு கருவியிற் படங்கள் மீளக் கிடைப்பது பெரும்பாலும் சாத்தியமே. கமராவைத் திருத்தக் கொடுப்பவரும், விலை போகாதென்று வீசுபவரும் முதலிற் செய்யவேண்டியது அட்டையைப் பத்திரப்படுத்துவதேயாகும்.

வன்னி மண்ணில் இவ்வறிவுரைக்குத் தனிப் பொருள் உண்டு. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையைக் கடல் வாரிச் சென்றபோது வீடுகளோடு படங்களும் போயின. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். திருமணப் படத் தொகுப்பும் பிள்ளையின் முதற் பிறந்தநாட் படமும் கைவிடப்பட்ட பெட்டிகளோடு நின்றுவிட்டன. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும், காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் தாய்மார் தொடர் போராட்டங்களைத் தொடங்கினர். அவர்கள் கைகளில் ஏந்தியவை பிள்ளைகளின் நிழற்படங்களே. பெயரை மாத்திரம் கூறும்போது கேட்போர் கடந்து செல்லக்கூடும். முகத்தைக் காட்டும்போது அவ்வாறு கடத்தல் எளிதன்று.

பிள்ளையின் முகத்தைக் காட்டவும் ஒரு படம் எஞ்சாத வீட்டின் துயர் இரட்டிப்பானது. ஆகவே, மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்காக உறங்கும் பழைய கமராவைப் பயனற்ற குப்பையெனத் தள்ளுமுன் அதன் சிறு கதவை ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று. பற்றரி அழுகியிருக்கலாம், வில்லை மங்கியிருக்கலாம். விரல்நகத்தினும் சற்றே பெரிய அட்டையொன்றில் வீட்டின் முற்றமும், அங்கு நின்ற மாமரமும், அதன் நிழலிற் சிரித்தவர்களும் இன்னும் இருக்கக்கூடும். ஆயினும் அட்டையின் மின்னேற்றமும் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் கசிவது. ஆதலால், கிடைத்த படங்களை அன்றே இரண்டு இடங்களிற் படியெடுத்து, முக்கியமானவற்றைத் தாளிலும் அச்சிட்டு வைத்தல் வேண்டும்.