ஆறு வோல்ட்டா, பன்னிரண்டு வோல்ட்டா: பழங்கார்களின் மின்னமைப்பைத் தேர்வதற்கான அடிப்படைகள்

ஆறு வோல்ட் மின்னமைப்பு பிறவியிலேயே வலுக்குறைந்தது, ஆகவே முதல் வாய்ப்பிலேயே அதைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறிவிடுவதே அறிவுடைமை என்னும் கருத்து, பழைய கார்களைப் புதுப்பிப்போரிடையே நெடுநாளாக நிலவிவருகிறது. குளிர்ந்த காலையில் இயந்திரம் சோர்ந்து சுழல்வதும், இரவில் முகப்பு விளக்குகள் மஞ்சளாக மங்கி எரிவதும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இவ்விரு குறைகளும் உண்மையானவையே. ஆயினும் அவற்றின் காரணம் மின்னழுத்தத்தில் இருக்கிறதா, அன்றி மின்சாரம் சென்றுவரும் பாதையில் இருக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அமெரிக்க, ஜெர்மானியக் கார்கள் சிலவற்றைக் கொண்டு, பெரும்பாலான ஆறு வோல்ட் கார்களில் குறை பாதையில்தான் இருக்கிறது என்பதையும், காரின் மீது ஏற்றப்படும் மின்சுமை மாறும்போது மட்டுமே மின்னழுத்த மாற்றத்துக்கு நியாயம் பிறக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஆறு வோல்ட் முதலில் வந்தது, பன்னிரண்டு அதை வென்றது என்று வரலாற்றை நேர்கோடாகப் பார்ப்பது பிழை. சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்து 1912ஆம் ஆண்டுக் காடிலாக்கில் பொருத்தப்பட்ட மின்தொடக்கி, இயந்திரத்தைச் சுழற்ற 24 வோல்ட்டையும் விளக்குகளுக்கு 6 வோல்ட்டையும் பயன்படுத்தியது. டாட்ஜ் சகோதரர்களின் கார்கள் 1914 முதலே 12 வோல்ட்டில் ஓடின. அந்நிறுவனம் 1926இல் அதைக் கைவிட்டு 6 வோல்ட்டுக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டைக் கையில் வைத்திருந்த ஒரு பெரிய தயாரிப்பாளர் ஆறுக்கு இறங்கி வந்திருக்கிறார் என்றால், அக்காலத்து இயந்திரத்துக்கு ஆறு போதுமானதாக இருந்ததோடு, அதற்கெனச் சில சிறப்புகளும் இருந்திருக்க வேண்டும். ஈய-அமில பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், ஆறு வோல்ட்டுக்கு மூன்று செல்களே போதும். அவற்றின் தகடுகளைப் பெரிதாக அமைக்கலாம், பழுதாகக்கூடிய இணைப்புகளும் குறையும். விளக்கிலும் அப்படியே: ஒரே வாட் அளவுள்ள இரு பல்புகளில் ஆறு வோல்ட் பல்பின் டங்ஸ்டன் இழை குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும் என்பதால், கரடுமுரடான சாலையின் அதிர்வை அது நன்றாகத் தாங்கியது.

இச்சிறப்புகளுக்கு ஈடாகச் செலுத்த வேண்டியிருந்த விலை மின்னோட்டம். மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகை. எனவே அதே வேலையைச் செய்ய ஆறு வோல்ட் அமைப்பில் இரு மடங்கு ஆம்பியர் ஓடியாக வேண்டும். கம்பியிலும் இணைப்புகளிலும் உள்ள மின்தடையில் இழக்கப்படும் திறனோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், ஒரே தடையில் ஆறு வோல்ட் அமைப்பு நான்கு மடங்கு இழக்கிறது. முகப்பு விளக்குகள் இரண்டும் 45 வாட் என்று கொண்டால், மொத்தம் 90 வாட்டுக்கு ஆறு வோல்ட்டில் 15 ஆம்பியரும் பன்னிரண்டில் 7.5 ஆம்பியரும் தேவை. சுவிட்ச், ஃபியூஸ், எர்த் இணைப்பு எல்லாம் சேர்ந்து அந்தப் பாதையில் 0.04 ஓம் தடை இருக்குமானால், முதல் அமைப்பில் 0.6 வோல்ட், அதாவது பத்து சதவீதம், வழியிலேயே போய்விடும், இரண்டாவதில் 0.3 வோல்ட்தான், அதாவது இரண்டரை சதவீதம். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுவது என்பதால், பத்து சதவீத அழுத்தக் குறைவு ஒளியில் முப்பது சதவீத இழப்பாகவும், இரண்டரை சதவீதக் குறைவு எட்டு சதவீத இழப்பாகவும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆறு வோல்ட் விளக்கு மங்கல் என்ற பெயர் வந்தது இந்த வழியில்தான். பல்பின் முனைகளில் முழு ஆறு வோல்ட் சேருமானால் அது தன் வாட் அளவுக்குரிய வெளிச்சத்தைக் குறையின்றித் தரும். அந்த ஆறு வோல்ட் அங்கே போய்ச் சேராததே சிக்கல்.

பாதை எங்கே கெடுகிறது என்பதை 1928 முதல் 1931 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் தெளிவாகக் காணலாம். 3.3 லிட்டர் கொள்ளளவும் 4.22க்கு 1 என்ற மிகத் தாழ்ந்த அமுக்க விகிதமும் கொண்ட இதன் இயந்திரத்தைச் சுழற்ற அதிக வலு தேவையில்லை. அமுக்க விகிதம் என்பது சிலிண்டருக்குள் வாயு எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் எண். பேட்டரி தரைப்பலகைக்கு அடியிலேயே இருக்கிறது. காலால் மிதிக்கும் தண்டு, ஸ்டார்ட்டரின் தலையிலேயே அமைந்த சுவிட்சை அழுத்துகிறது. மின்சாரம் செல்ல வேண்டிய தூரம் மிகக் குறைவு. இவ்வளவு எளிதான ஏற்பாட்டிலும் கார் சோர்ந்து சுழல்கிறது என்றால் பழுது எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது பேட்டரி கேபிளில்தான் இருக்கும். பன்னிரண்டு வோல்ட் கார்களுக்காகக் கடைகளில் விற்கப்படும் கேபிளில் செம்பின் குறுக்குப்பரப்பு பல வேளைகளில் 21 முதல் 25 சதுர மில்லிமீட்டர்தான். ஆறு வோல்ட் காருக்கு அது 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெளியே ரப்பர் உறை தடிப்பாக இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

அடுத்த குற்றவாளி எர்த் இணைப்பு. போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருவது சேசிஸ் இரும்பின் வழியாகத்தான். பேட்டரியிலிருந்து வரும் பட்டை அந்த இரும்பைத் தொடும் இடத்தில் துருவோ பெயிண்டோ இருந்தால் அங்கே தடை பிறக்கிறது. புதுப்பிக்கப்படாமல் கிடந்த காரைவிடப் புதுப்பித்து முடித்த கார் மோசமாக ஸ்டார்ட் ஆவதை உரிமையாளர்கள் பலர் கண்டு திகைப்பதன் காரணம் இதுவே: சேசிஸ் முழுவதும் பவுடர் கோட்டிங் செய்யப்பட்டு, அந்தப் பளபளப்பான மேற்பூச்சின் மீதே எர்த் பட்டை முடுக்கப்பட்டிருக்கும். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் மின்சாரம் கசிந்து செல்வதால் சிறிய விளக்குகள் எரிகின்றன. 200 ஆம்பியர் கேட்கும் ஸ்டார்ட்டர் மட்டும் தவிக்கிறது. 0.005 ஓம் என்னும் அற்பமான தடையும் 200 ஆம்பியரில் ஒரு முழு வோல்ட்டை விழுங்கிவிடும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலேயே, கவ்வியின் மீதல்லாமல் ஈயக் குமிழின் மீதே, வைத்து, மறு முனையை ஸ்டார்ட்டரின் உடலில் வைத்து இயந்திரத்தைச் சுழற்றிப் பார்த்தால், இழப்பு எவ்வளவு என்பது நொடியில் தெரிந்துவிடும். பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பைப் பளிச்சென்று தேய்த்து, இணைத்த பின் அதன் மேல் கிரீஸ் பூசுவது அரை மணி வேலை. இந்த அரை மணி வேலையைச் செய்யாமல் மின்னமைப்பு முழுவதையும் மாற்றுவது, நோயைக் கண்டறியாமல் உறுப்பை அகற்றுவதாகும்.

அப்படியானால் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1950களில் ஆறு வோல்ட்டை ஏன் கைவிட்டனர் என்ற நியாயமான எதிர்வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் 1953இலும், செவ்ரலே 1955இலும், ஃபோர்டு 1956இலும் பன்னிரண்டுக்கு மாறின. இந்த வரிசையை ஆராய்ந்தால், மாற்றத்தை உந்தியது புது வகை இயந்திரமே என்பது புலப்படும். 1949இல் அறிமுகமான காடிலாக்கின் வி-8 இயந்திரம் 7.5க்கு 1 என்ற அமுக்க விகிதத்தில் தொடங்கி, பின்னர் படிப்படியாக மேலே ஏறியது. அத்தகைய இயந்திரம் சூடாக இருக்கும்போது அதைச் சுழற்றுவது ஆறு வோல்ட் ஸ்டார்ட்டருக்குக் கடினமாயிற்று. பற்றவைப்பும் அதே அளவு நெருக்கடிக்கு உள்ளாயிற்று. எட்டு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும்போது நொடிக்கு ஏறத்தாழ 267 தீப்பொறிகள் வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் கிடைப்பது 4 மில்லி நொடிக்கும் குறைவான நேரம், அதிலும் காண்டாக்ட் பாயிண்ட் மூடியிருப்பது மூன்றில் இரண்டு பங்குதான். அந்தச் சிறு இடைவெளிக்குள் இக்னிஷன் காயிலில் மின்னோட்டம் ஏறி நிற்க வேண்டும். ஏறும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. பவர் விண்டோ, ஏர்கண்டிஷனர் முதலிய வசதிகளும் அதே காலத்தில் பெருகின. ஆக, டெட்ராய்ட் மாறியது தன் புதிய கார்களின் தேவைக்காக. 4.22 விகிதத்தில், நான்கு சிலிண்டர்களோடு, மெதுவாகச் சுழலும் மாடல் ஏ-க்கு அந்தத் தேவை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இவ்வாதத்துக்கு உண்மையான சோதனை ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதன் இயந்திரம் சிறியது, காற்றால் குளிர்விக்கப்படுவது, மிதமான அமுக்க விகிதம் கொண்டது. பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் ஸ்டார்ட்டருக்கு அருகிலேயே இருக்கிறது. ஆயினும் அமெரிக்கச் சந்தைக்கான 1967ஆம் ஆண்டு மாடலில் நிறுவனமே அதைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றியது. இயந்திரம் மாற்றத்தை வற்புறுத்தவில்லை என்றால் வேறு எது வற்புறுத்தியது? இரண்டு காரணங்கள் தென்படுகின்றன. ஒன்று, பேட்டரி பின்னால் இருக்க, முகப்பு விளக்குகள் காரின் முழு நீளத்துக்கும் அப்பால் இருக்கின்றன. மேலே கணக்கிட்ட இழப்பு இங்கே தவிர்க்கக் கடினமானது. மற்றொன்று டைனமோ. ஒரு டைனமோ தரக்கூடிய மின்னோட்டத்துக்கு அதன் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்களும் எல்லை வகுக்கின்றன. 30 ஆம்பியரை அந்த எல்லையாகக் கொண்டால், ஆறு வோல்ட்டில் 180 வாட்டும் பன்னிரண்டில் 360 வாட்டும் கிடைக்கும். முகப்பு விளக்கு, வைப்பர், பிரேக் விளக்கு, ரேடியோ எல்லாம் சேர்ந்து இயங்கும் மழை இரவில் 180 வாட் போதாமல் பேட்டரி இறங்கத் தொடங்குகிறது. எர்த்தை எவ்வளவு சுத்தம் செய்தாலும் இந்தப் பற்றாக்குறை தீராது. மாற்றத்துக்கான வலிமையான வாதம் இதுவே. அதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பீட்டிலை அன்றாடம் இரவில் நெடுந்தொலைவு ஓட்ட விரும்புபவர் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறுவது தக்க முடிவு. ஞாயிறு காலைகளில் மட்டும் ஓட்டுபவர், முகப்பு விளக்குகளுக்குத் தனி ரிலே வைத்து அவற்றின் அருகே நேரடியாகத் தடித்த கம்பியைக் கொண்டுசென்றாலே போதிய பயன் பெறுவார். ஆறு வோல்ட்டுக்கான ஹாலஜன் பல்புகளும் எல்.இ.டி. விளக்குகளும் கிடைக்கும் இக்காலத்தில் சுமையையே குறைத்துவிடவும் இயலும்.

நான்கு செல் கொண்ட எட்டு வோல்ட் பேட்டரியைப் பொருத்தும் இடைவழி குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழலும் என்பது உண்மை. ஆனால் மின்னழுத்தம் சற்றே கூடினாலும் இழை விளக்கின் ஆயுள் பன்மடங்கு குறையும். ரெகுலேட்டரை உயர்த்தி அமைக்காவிட்டால் அந்த பேட்டரி ஒருபோதும் முழுமையாகச் சார்ஜ் ஆகாது. நோயின் மூலத்தை அது தொடுவதே இல்லை.

மாற்றத்தை மேற்கொள்ளும்போது எந்தப் பகுதி திரும்பப் பெற முடியாதபடி மாறுகிறது என்பதே முடிவான அளவுகோலாக இருக்க வேண்டும். பழங்கார் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், தவிர்க்க முடியாத மாற்றங்கள் பின்னாளில் நீக்கத்தக்கனவாகவும் காரின் தோற்றத்தைக் குலைக்காதனவாகவும் அமைய வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்துகிறது. பேட்டரி, பல்புகள், காயில், டைனமோ, ரெகுலேட்டர் ஆகியவற்றை மாற்றி, கழற்றியவற்றைப் பெயரெழுதிக் காரோடே பாதுகாத்தால் இக்கொள்கைக்கு ஊறு இல்லை. பீட்டிலில் எல்லை மீறப்படுவது ஃப்ளைவீலில்தான். ஆறு வோல்ட் பீட்டிலின் ஃப்ளைவீல் 109 பற்கள் கொண்டது. பன்னிரண்டு வோல்ட் ஸ்டார்ட்டரோடு இணங்குவது 130 பற்கள் கொண்ட பெரிய ஃப்ளைவீல். அதைப் பழைய கியர்பாக்ஸ் உறைக்குள் நுழைக்க உறையின் உட்புறத்தை அரைத்தெடுக்க வேண்டியிருக்கிறது, அரைத்த உலோகம் திரும்ப வராது. பழைய ஃப்ளைவீலையும் ஆறு வோல்ட் ஸ்டார்ட்டரையும் அப்படியே விட்டு, அந்த ஸ்டார்ட்டரைப் பன்னிரண்டு வோல்ட்டில் சில நொடிகள் மட்டும் இயக்கி ஓட்டுவோர் பலர் உள்ளனர். பினியன் பல் ஃப்ளைவீலில் சற்றுக் கடுமையாக மோதும், ஸ்டார்ட்டர் விரைவில் தேயும். தேய்ந்த ஸ்டார்ட்டருக்கு மாற்று கிடைக்கும் என்பதால், உறையை அரைப்பதைவிட இந்தத் தேய்மானத்தை ஏற்பதே மேல்.