பர்லெஸ்க்: ஒரு சொல்லின் பயணம்

பர்லெஸ்க் என்றதும் இன்று பலரது நினைவில் எழுவது, இறகு விசிறியுடன் ஆடை களைந்தாடும் நடனமே. ஆனால் அச்சொல் வளர்ந்தது ஏட்டில். கேலி எனப் பொருள்படும் 'புர்லா' என்ற இத்தாலியச் சொல்லே அதன் வேர். 16ஆம் நூற்றாண்டில் பிரான்செஸ்கோ பெர்னி, பீச் பழத்தையும் விலாங்கு மீனையும் புகழ்ந்து பாடிய கவிதைகள் இவ்வகைக்கு முன்னோடியாயின.

பிரான்சில் அதற்குப் பெருவாழ்வு வந்தது. பால் ஸ்காரோன் 1648 முதல் வெளியிட்ட 'வேடமிட்ட வெர்ஜில்' நூலில், ரோமானியப் பெருங்காவியமான 'ஈனியட்'டின் மாந்தர்கள் தெருப்பேச்சில் உரையாடுகின்றனர். எட்டசை அடிகளாலான இந்நூல் பெற்ற செல்வாக்கால், எட்டசை அடி என்றாலே பர்லெஸ்க் என்றாயிற்று. 1649இல் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய கேலியற்ற கவிதை நூலொன்றே 'பர்லெஸ்க் அடிகளில்' என்ற தலைப்புடன் அச்சேறியது!

இப்போக்கைச் சாடிய புவாலோ, 1674இல் அதைத் தலைகீழாக்கினார். பாரிஸ் தேவாலயம் ஒன்றில் வாசிப்பு மேசையை முன்னிட்டு எழுந்த பூசலைக் காவிய நடையில் பாடினார். பழைய பர்லெஸ்க்கில் டிடோவும் ஈனியஸும் மீன்காரிகளையும் சுமைகூலிகளையும் போலப் பேசினர். தம் நூலில் கடிகாரக்காரரும் அவர் மனைவியும் டிடோவையும் ஈனியஸையும் போலப் பேசுகின்றனர் என்று முன்னுரையில் விளக்கினார். உயர்ந்ததைத் தாழ்த்துவது ஒரு வழி. தாழ்ந்ததை உயர்த்துவது மறுவழி. பொருளும் நடையும் பொருந்தாமையே இரண்டுக்கும் உயிர். ஆங்கிலத்தில் பட்லரின் 'ஹூடிப்ராஸ்' (1663) முன்னதற்கும், போப்பின் 'கூந்தல் கவர்தல்' (1712) பின்னதற்கும் சான்றுகள்.

19ஆம் நூற்றாண்டு லண்டன் அரங்குகள் புராணங்களையும் ஷேக்ஸ்பியரையும் இவ்வாறே நையாண்டி செய்தன. 1868இல் லிடியா தாம்சனின் குழு நியூயார்க்கில் 'இக்ஸியோன்' என்னும் கிரேக்கப் புராணக் கேலி நாடகத்தை நடத்தியபோது, ஆண் வேடங்களைப் பெண்கள் இறுக்கமான உடையில் ஏற்றனர். பார்த்தவர்களில் பலர் கால்களைக் கண்டனர். ஆயினும் அதுவும் பழைய பொருந்தாமையே: ஆணின் பாத்திரம், பெண்ணின் உடல்.

பின்னர் அமெரிக்க அரங்குகளில் கேலி தேய்ந்தது. ஆடை களைதல் வளர்ந்தது. 1937இல் நியூயார்க் நகர நிர்வாகம் பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. மீண்டும் திறந்த அரங்குகள் அப்பெயரையே விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாதென விதித்தது. காவியத்தை நகைத்த சொல், அச்சிடத் தகாத சொல்லாயிற்று.

தமிழில் 'பகடி' என்றால் பெரும்பாலும் பொருந்தும். எனினும் ஒரு படைப்பை அப்பெயரால் சுட்டுமுன், அதில் எது தாழ்த்தப்படுகிறது, எது உயர்த்தப்படுகிறது என்று கேட்பது திறனாய்வாளனின் கடமை. அக்கேள்வி மறைந்தால், மீண்டும் எட்டசை அடி மட்டுமே மிஞ்சும்.