காஜியின் பத்திரமும் நீதிமன்றத்தின் தீர்ப்பும்

வியாசர்பாடியை ஒட்டிய எம்.கே.பி. நகரில், கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளுடன் தாய்வீட்டில் வாழும் முஸ்லிம் பெண் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷரீஅத் கவுன்சில் ஒன்று வழங்கிய குலா பத்திரம் அவர் கையில் உண்டு. பிள்ளைகள் யாரிடம் வளர்வது, நிக்காஹின்போது போட்ட நகை எங்கே, வீட்டு வசதி வாரிய வீட்டில் குடியிருக்கும் உரிமை யாருக்கு என்பவற்றுக்கு அப்பத்திரத்தில் விடையில்லை. கணவர் நாளை அப்பத்திரத்தையே மறுத்தால் அது நிற்குமா? இவ்வினாவுக்கான விடையின் வேர் இதே சென்னையின் வரலாற்றில் இருப்பதை எடுத்துக்காட்ட விழைகிறோம்.

நவாபுகளின் காலத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க காலத்திலும் காஜி என்பவர் அரசால் அமர்த்தப்பட்ட அலுவலர். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் காஜிகளை அரசு அமர்த்தும் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அரசு அமர்த்தாதவர் காஜியாக முடியாது என்ற கருத்து சென்னையில் வலுவாக இருந்தமையால், நிக்காஹ் முதலிய காரியங்களில் முஸ்லிம்கள் பெரும் இடர்ப்பாட்டுக்கு உள்ளாயினர். அவர்களின் முறையீடுகளின் விளைவாகவே 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் பிறந்தது. அச்சட்டம் முதற்கண் சென்னை மாகாணத்துக்கு மட்டுமே பொருந்துமாறு இயற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அச்சட்டம் மிகச் சிறியது; நான்கே பிரிவுகள் கொண்டது. அதன் நான்காம் பிரிவை நம்மில் பலர் கவனிப்பதில்லை. இச்சட்டத்தால் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிட்டாது என்று அது தெளிவாக வரையறுக்கிறது. ஆக, காஜி மீண்டும் கிடைத்தார். தீர்ப்பளிக்கும் அதிகாரம் மீளவில்லை. ஆலோசனை ஓரிடத்திலும் தீர்ப்பு வேறோரிடத்திலும் என்ற பிரிவினை அன்றே நிலைபெற்றுவிட்டது.

இப்பிரிவினையின் சுமை பெண்கள் மீதே விழுந்தது. கணவன் தலாக்கும் சொல்லாமல், வாழ்க்கைப்படியும் தராமல் ஓடிப்போனால் மனைவி என்ன செய்வது? ஹனஃபி மத்ஹபின் அன்றைய நடைமுறையில் ஃபஸ்குக்கு வழி மிகக் குறுகலாக இருந்தது. திருமண முறிவுக்காகவே மார்க்கத்தைத் துறந்த பெண்களும் வட இந்தியாவில் உண்டு. இந்நிலை கண்டு துயருற்ற மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள், மாலிக்கி மத்ஹபின் தீர்ப்புகளை ஏற்றுக்கொள்ளலாம் என்று 1930களின் தொடக்கத்தில் நூலொன்றில் நிறுவினார். முஹம்மது அஹ்மது காஸ்மி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மசோதா 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாயிற்று. கணவன் நான்காண்டு காணாமற்போதல், ஈராண்டு வாழ்க்கைப்படி தராமை, கொடுமை முதலிய காரணங்களால் மனைவி நீதிமன்றத்தை நாடும் உரிமை உறுதியாயிற்று. வழக்கை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற விதி மட்டும் நீக்கப்பட்டது. உலமாக்களுக்கு அது மனக்குறையாகவே இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் தரும் தலாக் சான்றிதழ்கள் வெறும் கருத்துரைகளே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதற்கு அந்நீதிமன்றம் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தையே சுட்டிக்காட்டியது. 2023 பிப்ரவரியில், ஷரீஅத் கவுன்சில் ஒன்று வழங்கிய குலா சான்றிதழை அதே நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. பெண்ணின் குலா உரிமையை ஏற்றுக்கொண்டு, அதற்குக் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும் என்றது. தம்பதியர் தமிழ்நாடு மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ குடும்ப நீதிமன்றத்தையோ அணுகலாம் என்றும் வழிகாட்டியது. கேரள உயர் நீதிமன்றம் 2021இல் நீதிமன்றத்துக்கு வெளியே நிகழும் குலாவையும் ஏற்றுக்கொண்டிருப்பினும், சென்னையில் வாழ்வோர் இங்குள்ள தீர்ப்பைக் கருத்திற்கொள்வதே தக்கது.

பிள்ளைகளின் நிலை யாது? தாயின் ஹிளானத் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஹனஃபிகள் மகனுக்கு ஏழு வயது வரையும் மகளுக்குப் பருவம் வரையும் தாயிடமே விடுவர். ஷாஃபிஈகள் பகுத்தறியும் வயதுக்குப் பின் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பர். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி விசாரிக்கும் நீதிமன்றம் குழந்தையின் நலனையே முதன்மையாகக் கொள்கிறது. பிள்ளைகளின் வாழ்க்கைப்படிக்குத் தந்தையே பொறுப்பு என்பதில் ஷரீஅத்தும் நாட்டின் சட்டமும் வேறுபடவில்லை.

சொத்து விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. கணவர் பெயரிலுள்ள சொத்தில் பாதி, மணமுறிவால் தானாக மனைவிக்கு வந்துவிடாது. ஆயின் மஹர் கணவர் மீதுள்ள கடன். நிக்காஹுக்கு முன்னும் பின்னும் பெற்றோரும் உறவினரும் கணவரும் அவளுக்களித்த பொருள்கள் அவளுடையவை. மணவிலக்குப் பெற்றவள் இவற்றைக் கேட்டுப் பெற 1986ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. எதிர்கால வாழ்வுக்கு நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் செய்துதர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் விளக்கியது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண் பொதுச் சட்டத்தின் கீழும் ஜீவனாம்சம் கோரலாம் என 2024 ஜூலையில் உறுதிசெய்தது. மணவாழ்வு நீடிக்கையில், ஒதுக்கீடு யார் பெயரில் இருந்தாலும், மனைவி அவ்வீட்டில் வசிக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் காக்கிறது.

இவ்வளவும் அறிந்தபின்னும் எஞ்சும் அச்சம் செலவு பற்றியது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. எம்.கே.பி. நகரிலிருந்து பேசின் பாலம் கடந்து பாரிமுனை சென்றால் உயர் நீதிமன்ற வளாகம் வந்துவிடும். உதவி அங்கே கிட்டும். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

அங்ஙனமாயின் ஜமாஅத்துக்கு வேலையில்லையா? உண்டு, முன்னிலும் மிகுதியாக உண்டு. தம்பதியர் பிணங்கினால் இருவர் குடும்பத்திலிருந்தும் நடுவர் ஒருவரை அமர்த்துமாறு திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் பணிக்கிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதலில் சமரசத்துக்கு முயலுமாறு நீதிபதியைப் பணிக்கிறது. ஜமாஅத் கண்ட சமரசத்தை மக்கள் நீதிமன்றத்தில் பதிவுசெய்தால், ஜீவனாம்சமும் பொருள்களைத் திருப்பித் தருவதும் பற்றிய உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரான வலிமை பெறும். பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு துணையாளை உடன் அனுப்பி, பாரிமுனை வரை சென்று அவள் உரிமையை நிலைநாட்டித் தருவதும் நீதியின் பாற்பட்டதே எனக் கருதுகிறோம்.