கையொப்பம் முதல் ஒற்றைப் படி வரை

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் நம் பக்கத்துப் பாட்டு. அதன் தலைவன் நன்னனுடைய செங்கண்மா, திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள இன்றைய செங்கம் என்பர். அப்பாட்டு அச்சேறிய வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இரண்டு ஆண்டுகள் நம்மை உறுத்துவதுண்டு. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தது 1889இல்; இரண்டாம் பதிப்பு வெளிவந்தது 1918இல். இடையே ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

காரணம் அச்சகத்தில் இருக்கிறது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் கட்டுவர். எழுத்துகள் அளவாகவே இருந்தமையால் ஒரு பாரம் அச்சானதும் அதைக் கலைத்து அடுத்த பாரத்துக்குக் கோப்பர். நூல் முடியும்போது அச்சான தாள்களே மிஞ்சும். பிறகு ஒருவர் வந்து ஒரு படி கேட்டால், முதல் எழுத்திலிருந்து மீண்டும் கோக்க வேண்டும். ஒரு படிக்காக யார் கோப்பார்?

அதனால்தான் வாசகரை முன்னதாகவே தேடினார்கள். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்காக, நூலை வாங்குவதாக ஒப்புக்கொண்டோரிடம் ஐயர் கையொப்பம் வாங்கியதை ‘என் சரித்திர’த்தில் காணலாம். பிந்தி வந்தவனுக்கு அதில் வழியில்லை. ஏட்டுக் காலத்திலோ கேட்டவருக்கு ஒரு படி எழுதித் தரும் வழக்கம் இருந்தது. பரவலாக்க வந்த அச்சு இந்த ஒரு வசதியை மட்டும் பறித்துக்கொண்டது வியப்புத்தான்!

கணினிக் கோப்பிலிருந்து ஒரே ஒரு படியையும் எடுத்துத் தரும் ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ முறை அவ்வசதியைத் திருப்பித் தந்திருக்கிறது. படி ஒன்றுக்கு விலை கூடும். ஆயின் முதலும் கிடங்கும் வேண்டா. கல்வெட்டுத் தொகுதி, சுவடி அட்டவணை போன்று ஆண்டுக்குப் பத்துப் பேர் தேடும் நூல்களுக்கு இதனினும் ஏற்ற வழி நமக்குத் தெரியவில்லை.

ஓர் அச்சமும் உண்டு. ஐயரின் இரண்டாம் பதிப்பு வெறும் மறு அச்சன்று. திருத்தமும் குறிப்பும் கூடியது. இன்றோ கோப்பைச் சத்தமின்றி மாற்றிவிடலாம். ஒரே ஆண்டைத் தாங்கிய இரு படிகளில் பாடம் வேறுபட்டால், ஆய்வு மாணவன் எதை மேற்கோள் காட்டுவான்? திருத்திய நாளை ஒவ்வொரு படியிலும் அச்சிடுதல் பதிப்பாசிரியரின் கடமை.

இம்முறையில் நாம் முதலில் கேட்கும் நூல், இரா.நாகசாமி பதிப்பித்துத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’. பல்லவர் கால வட்டெழுத்தை மாணவர்க்குக் காட்ட அதனை விட்டால் நமக்கு வேறு வழியில்லை. நம்மிடம் இருப்பது ஜெராக்ஸ் நகல். ஓரத்தில் எழுத்து விடுபட்ட இடம் வந்தால், கல் நிற்கும் ஊருக்கே பேருந்து ஏறிப் போய்ப் படித்துவிட்டு வருகிறோம்.